எங்கள் தெருவின் உப்புப் பெட்டி: 145 மதிப்பெண், நான்கு நாள் உப்பு

எங்கள் தெருமுனையில் நிற்கும் மஞ்சள் பெட்டியைப் புதிதாகக் குடிவருகிறவர்கள் குப்பைத்தொட்டி என்றே நினைக்கிறார்கள். நினைத்தபடி குப்பையும் போடுகிறார்கள். இடுப்பளவு உயரம், கெட்டிப் பிளாஸ்டிக், மழைநீர் தேங்காமல் வழியச் சாய்வான மூடி, 200 லிட்டர் கொள்ளளவு. உள்ளே இருக்க வேண்டியது உப்பு. உள்ளூரில் இதற்கு 'கிரிட் பின்' என்று பெயர். குளிர்காலத்தில் சாலை உறைந்துபோனால் தெருக்காரர்களே அள்ளித் தூவிக்கொள்ளட்டும் என்று கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், வைக்கும் பெட்டி இது. இந்தப் பெட்டி வந்த கதையையும், பனி இறங்கிய நான்காம் நாளே அது காலியான கதையையும்தான் எழுதுகிறேன். இடம், வடக்கு இங்கிலாந்தில் பென்னைன் மலைகளின் கீழ்ச்சரிவில் ஒரு நகரம். ஊர் பெயரையும் கவுன்சில் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

எங்களுடையது முட்டுத்தெரு. 26 வீடுகள். மேல்பாதி ஓரளவு சமதளம். கீழே கடைசி 40 மீட்டர் மட்டும் சட்டென்று தலைகுப்புற இறங்கி ஒரு சிறு சாலையில் போய் முட்டும். தெருவுக்கு வேறு வழி கிடையாது. கடைக்கும் பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் அந்த 40 மீட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். கோடையில் அது ஒரு மேடு, அவ்வளவுதான். 2010 ஜனவரியில் அதுவே எங்கள் எல்லைச்சுவர் ஆனது.

அந்த ஜனவரி பிரிட்டனில் பலருக்கும் நினைவிருக்கும். 7-ஆம் தேதி எடுத்த செயற்கைக்கோள் படத்தில் தீவு முழுவதும் வெள்ளையாக இருந்தது. மறுநாள் ஸ்காட்லாந்தின் ஆல்ட்னஹாராவில் வெப்பநிலை மைனஸ் 22.3 டிகிரிக்கு இறங்கியது. எங்கள் ஊரில் அந்த அளவுக்குக் குளிர் இல்லை. ஆனால் பகலில் சற்றே இளகிய பனி இரவில் மறுபடி உறைந்து, சரிவு கண்ணாடிபோல் ஆகிவிட்டது. மூன்று வாரம் குப்பை லாரி ஏறவில்லை. எதிர்வீட்டுக்காரரின் கார், பிரேக்கை அழுத்திய நிலையிலேயே, யாரோ மெல்லத் தள்ளிக்கொண்டு போவதுபோலச் சறுக்கிக்கொண்டே போய்க் கீழ்ச்சாலையின் நடைபாதைக் கல்லில் இடித்து நின்றது. அவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். காருக்குப் பெரிய சேதமில்லை, அவருடைய தன்மானத்துக்குத்தான் சேதம். மூன்றாம் வீட்டு மூதாட்டி பால் வாங்கப் போய் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பெட்டி வேண்டும் என்ற பேச்சு அன்றைக்குத்தான் தொடங்கியது.

அந்தக் குளிர்காலத்தில் நாடு முழுவதுமே உப்புக்குத் தட்டுப்பாடு. சாலைக்குத் தூவுவது பாறையுப்பு. பிரிட்டனுக்கு அது பெரும்பாலும் மூன்றே இடங்களிலிருந்து வருகிறது: செஷயரில் உள்ள வின்ஸ்ஃபோர்ட், வடக்கு யார்க்‌ஷயரின் போல்பி, வட அயர்லாந்தின் கில்ரூட். வின்ஸ்ஃபோர்டில் 1844-இல் நிலக்கரி தேடித் தோண்டியவர்களுக்கு உப்பு கிடைத்தது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வற்றிப்போன கடலின் மிச்சம் அது. உள்ளே களிமண் கலந்திருப்பதால் செங்கல்பொடி நிறத்தில் இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களின் வெள்ளைக் குவியல்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, முதல் தடவை பார்த்தபோது இது உப்பு என்று நம்பவே முடியவில்லை. சுரங்கத்தில் வெட்டும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. எல்லாக் கவுன்சில்களும் ஒரே வாரத்தில் கேட்டால் யாருக்கு முதலில் அனுப்புவது? அதை முடிவு செய்ய 'சால்ட் செல்' என்று அரசு ஒரு குழுவையே கூட்டியது. உப்புப் பயன்பாட்டைக் குறைந்தது கால் பங்காவது குறைக்கும்படி கவுன்சில்களுக்குச் சொல்லப்பட்டது. பிரதான சாலைக்கே ரேஷன் என்றால் முட்டுத்தெருவை யார் நினைக்கப்போகிறார்கள்?

பிப்ரவரியில் விண்ணப்பித்தோம். ஏப்ரலில் பதில் வந்தது: 120 மதிப்பெண் வேண்டும், உங்கள் தெருவுக்கு 90.

உப்புப் பெட்டிக்கு மதிப்பெண்ணா என்று சிரிப்பு வந்தது. அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது, ஏனென்றால் அது யோசித்துச் செய்யப்பட்ட அட்டவணை. சரிவு 15-க்கு 1, அதாவது 15 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம், என்பதைவிடச் செங்குத்தாக இருந்தால் 75. அதைவிடச் சற்றுத் தணிந்திருந்தால் 40. கொடிய வளைவு இருந்தால் 60. கீழே போய்ச் சேரும் சாலையில் போக்குவரத்து அதிகம் என்றால் 90, நடுத்தரம் என்றால் 75, குறைவு என்றால் 30. இதை மட்டுமே வழியாகக் கொண்ட வீடுகள் 20-க்கு மேல் 50-க்குள் இருந்தால் 20. முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் கணிசமாக இருந்தால் இன்னொரு 20. எங்களுக்குச் சரிவுக்கு 40, கீழ்ச்சாலைக்கு 30, வீடுகளுக்கு 20 என்று போட்டிருந்தார்கள். முதியவர்கள் கட்டம் வெற்றாக இருந்தது.

சரிவுக்கு 40 என்பதுதான் உறுத்தியது. தெருவின் மேல்முனையிலிருந்து கீழ்முனைவரை மொத்தமாக அளந்து சராசரி எடுத்திருக்கிறார்கள். பாதித் தெரு சமதளம் என்பதால் மீதியின் செங்குத்து அதில் கரைந்துபோய்விட்டது. சராசரியில் யாரும் வழுக்கி விழுவதில்லை என்றார் பஸ் ஓட்டுநர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மீட்டர் நீளப் பலகையும் ரசமட்டமும் டேப்பும் எடுத்துக்கொண்டு இருவரும் இறங்கினோம். பலகையின் ஒரு முனையைச் சாலையில் ஊன்றி, குமிழ் நடுவுக்கு வரும்வரை மறுமுனையைத் தூக்கி, தரைக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 9 சென்டிமீட்டர் வந்தது. கீழே இறங்க இறங்க எட்டு இடங்களில் அளந்தோம். எல்லாம் 8-க்கும் 10-க்கும் இடையில். அதாவது ஏறக்குறைய 11-க்கு 1. ஒவ்வொரு அளவையும் படம் எடுத்து, 70 வயதைத் தாண்டியவர்கள் வாழும் ஒன்பது வீடுகளின் எண்களையும் அவர்களைக் கேட்டுக்கொண்டு சேர்த்து அனுப்பினோம். ஜூனில் கவுன்சிலின் பொறியாளர் நேரில் வந்து தன் கருவியால் அளந்தார். 75, 30, 20, 20. மொத்தம் 145.

அட்டவணையில் ஒரு கேள்வி மட்டும் இல்லை: பெட்டி வந்தால் உப்பை யார் தூவுவார்கள்? அன்றைக்கு எங்களுக்கும் அது தோன்றவில்லை. வெற்றிக் களிப்பில் இருந்தோம்.

இந்த நாட்டில் சாலைப் பனி யார் பொறுப்பு என்பதே வெகுகாலம் தெளிவில்லாமல் இருந்த விஷயம். சாலையைப் பராமரிக்கும் கடமையில் பனிக்கட்டியை அகற்றுவது அடங்காது என்று, கிழக்கு சசெக்ஸ் கவுண்டி கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கில் 2000-இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அந்த ஓட்டையை அடைக்க, 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் 2003-இல் ஒரு உட்பிரிவைச் சேர்த்தார்கள். பனியாலும் பனிக்கட்டியாலும் சாலையில் செல்வோருக்கு ஆபத்து நேராதபடி, நியாயமாகச் சாத்தியப்படும் அளவுக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் சட்டம் இது. 'சாத்தியப்படும் அளவுக்கு' என்ற சொற்களின் நிழலில்தான் எங்களைப் போன்ற தெருக்கள் எல்லாம் கிடக்கின்றன. ஒரு இரவில் எல்லாத் தெருக்களுக்கும் லாரி அனுப்புவது சாத்தியமில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். உப்புப் பெட்டி வருவது அதே சட்டத்தின் 185-ஆம் பிரிவில். மணலும் கிரிட்டும் சேமிக்கத் தெருவில் பெட்டி வைக்கலாம் என்கிறது அது. 'வைக்கலாம்', அவ்வளவுதான். எனவே பெட்டி கிடைப்பது உரிமை அல்ல. அது ஒரு சலுகை. வைத்த பெட்டியை நிரப்புவதும் அப்படித்தான் என்பது டிசம்பரில் புரிந்தது.

அக்டோபரில் பெட்டி வந்தது. எந்த இடத்தில் வைப்பது என்பதற்கே ஒரு சண்டை. செங்குத்து தொடங்கும் மேல்முனையில்தான் வைக்க வேண்டும். கீழே வைத்தால் உப்பை எடுக்கவே வழுக்குப் பாதையில் இறங்க வேண்டியிருக்கும். ஆனால் மேல்முனை வீட்டுக்காரர் தன் ஜன்னலுக்கு எதிரே மஞ்சள் பெட்டி வேண்டாம் என்றார். பக்கத்தில் ஒரு மரத்தடி இருந்தது. அங்கே உப்பு கசிந்தால் வேர் பட்டுப்போகும் என்று பொறியாளர் மறுத்துவிட்டார். கடைசியில் ஜன்னலிலிருந்து ஆறடி தள்ளி, ஒரு விளக்குக் கம்பத்தை ஒட்டி இடம் கிடைத்தது. மண்வாரி கொடுக்கவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில், பொதுச்சாலைக்கும் நடைபாதைக்கும் மட்டும் என்று அச்சிட்டிருந்தது. எவ்வளவு தூவ வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

நவம்பர் கடைசி வாரத்தில் பனி இறங்கியது. வழக்கத்தைவிட மிக முன்னதாக வந்த அந்தக் குளிர் டிசம்பர் முழுக்க நீடித்தது. மத்திய இங்கிலாந்தில் 1659 முதல் இருக்கும் வெப்பநிலைப் பதிவுகளில் 1890-க்கு அடுத்தபடி மிகக் குளிர்ந்த டிசம்பர் அதுதான்.

முதல் நாள் காலை தெருவே பெட்டியைச் சுற்றி நின்றது. ஆளுக்கொரு மண்வாரி. ஆறு மாதம் போராடி வாங்கிய உப்பு அல்லவா? விசிறி விசிறி எறிந்தோம். இரண்டாம் நாள் அதன்மேல் புதுப் பனி விழுந்தது. மறுபடி எறிந்தோம். நான்காம் நாள் காலை மூடியைத் திறந்தால் அடியில் ஒரு பிடி பழுப்புச் சேறு, இரண்டு பீர் டின், நாய்க்கழிவு கட்டிய ஒரு பை.

திருடன்தான் என்று முடிவாயிற்று. ராத்திரி ஒரு வேன் வந்து நின்ற சத்தம் கேட்டதாக ஒருவர் சொன்னார். மூட்டையில் கட்டி விற்கிறார்களாம் என்றார் இன்னொருவர். கீழ்த்தெருக்காரர்கள் தங்கள் தெருவுக்கு அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்ததாக மூன்றாமவர். அந்தக் குளிர்காலங்களில் பெட்டிகளிலிருந்து உப்பு திருடுபோவதாகச் செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன, ஆகவே சந்தேகம் இயல்பானது. நானும் நம்பினேன்.

கணக்கு போட்டுப் பார்த்தது பஸ் ஓட்டுநர். சாலைப் பனிக்கு உப்பு தூவும் லாரிகள் உறைபனியை எதிர்பார்த்து முன்கூட்டியே தூவும்போது சதுர மீட்டருக்கு 10 கிராம்தான் போடுகின்றன. பனிக்கட்டி கடுமையாக இருந்தால் 20, வெண்பனி வரும் என்றால் 40 வரை. எங்கள் செங்குத்துப் பகுதி 40 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். 200 சதுர மீட்டர். 20 கிராம் வீதம் 4 கிலோ. பெட்டியில் இருந்தது கிட்டத்தட்ட கால் டன். அப்படியானால் 60 தடவை தூவியிருக்கலாம். கனத்த பனிக்கே தூவினாலும் 30 தடவை வரும். ஒரு குளிர்காலத்துக்குத் தாராளம்.

பிறகு அவர் தன் மண்வாரியில் ஈர மணலை நிறைய அள்ளிச் சமையலறைத் தராசில் வைத்தார். நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

ஒரே ஒரு மண்வாரி அந்தச் சரிவு முழுவதற்குமான ஒரு நாள் உப்பு. அதை நாங்கள் ஒவ்வொருவரும் நம் காலடியில் இரண்டு சதுர மீட்டரில் கொட்டியிருக்கிறோம். 26 வீடுகள், வீட்டுக்கு இரண்டரை மண்வாரி, பெட்டி காலி. வேனும் வேண்டாம், திருடனும் வேண்டாம். என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்: முதல் நாள் அள்ளியதில் ஒரு மண்வாரி என் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் விழுந்தது. தாளில் அச்சிட்டிருந்ததைப் படித்த பிறகுதான்.

கொட்டிய உப்பாவது வேலை செய்ததா என்றால் பாதிதான் செய்தது. உப்பு பனிக்கட்டியை உருக்க வேண்டுமானால் முதலில் அது கரைந்து உப்புநீராக வேண்டும். காய்ந்த பனிக்கட்டிமேல் காய்ந்த உப்பு கல்மாதிரிக் கிடக்கும். பிரதான சாலையில் கார்ச் சக்கரங்கள் அதை நசுக்கிக் கலக்கிவிடுகின்றன. 26 வீட்டுத் தெருவில் அந்த வேலையைச் செய்யச் சக்கரம் ஏது? ஆகவே முதலில் பனியை வாரி ஒதுக்கிவிட்டு, மிஞ்சும் மெல்லிய படலத்தின்மேல்தான் தூவ வேண்டும். அரையடிப் பனிமேல் தூவினால் பனியில் பழுப்புப் புள்ளிகள் விழும், அவ்வளவே. மைனஸ் 7, 8 டிகிரிக்குக் கீழே போனால் உப்பின் வேகமும் படுத்துவிடும். அந்த டிசம்பரில் பல இரவுகள் அதற்குக் கீழேதான் போயின. அப்போதெல்லாம் கால் ஊன்ற மணல்தான் கைகொடுத்தது.

காலியான பெட்டியை நிரப்பச் சொல்லி எழுதினோம். பிரதான சாலைகளுக்கே முன்னுரிமை, இயன்றபோது நிரப்புவோம் என்று பதில் வந்தது. கோபம் வந்தாலும் காலம் அப்படி. அந்த வாரங்களில்தான் ஸ்காட்லாந்தில் எம்8 நெடுஞ்சாலையில் வாகனங்கள் இரவு முழுக்கச் சிக்கிக்கொண்டு, போக்குவரத்து அமைச்சர் ஸ்டூவர்ட் ஸ்டீவன்சன் டிசம்பர் 11 அன்று பதவி விலகினார். எந்தக் கவுன்சிலும் லாரியை நெடுஞ்சாலையிலிருந்து திருப்பி எங்கள் பெட்டிக்கு அனுப்பியிருக்காது. முந்தைய குளிர்காலத்தின் தடுமாற்றத்தை ஆராய டேவிட் குவார்ம்பி தலைமையில் அமைத்த குழு, சாலைகளுக்கான உப்பைக் குறைந்தது 12 நாள் கடும் பயன்பாட்டுக்குக் கவுன்சில்கள் முன்கூட்டியே சேமித்து வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அதாவது 48 முறை தூவும் அளவு. எங்கள் பெட்டியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பெட்டி காலியாக நின்ற அந்த வாரங்களில் இன்னொரு குழப்பமும் கிளம்பியது. நீங்களே நடைபாதையைச் சுத்தம் செய்து, பிறகு அங்கே யாராவது விழுந்தால் உங்கள்மேல் வழக்கு வரும் என்று தெருவில் பாதிப் பேர் உறுதியாக நம்பினார்கள். அதனாலேயே சிலர் மண்வாரியைத் தொடவில்லை. இந்தப் பயத்தைப் போக்கவே அரசு அந்த அக்டோபரில் 'ஸ்னோ கோட்' என்ற வழிகாட்டியை வெளியிட்டிருந்தது. கவனமாகச் சுத்தம் செய்தால் வழக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு, வெந்நீர் ஊற்றாதீர்கள், சாப்பாட்டு உப்பையே சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி தூவுங்கள் என்றெல்லாம் நல்ல வார்த்தைகள். கூடவே ஒரு வரி: சாலையோரப் பெட்டி உப்பை எடுக்காதீர்கள், அது சாலைகளுக்குத் தேவை. இதைப் படித்துவிட்டு மூன்றாம் வீட்டு மூதாட்டி கேட்டார், "அப்படியானால் அந்தப் பெட்டி யாருக்கு?" அவர் வீட்டு வாசலுக்கு இல்லை, வாசலுக்கு வெளியே இரண்டடி தள்ளி இருக்கும் சாலைக்கு என்று விளக்கினேன். "நான் வாசலைத் தாண்டினால்தானே சாலைக்கு வருவேன்," என்றார். எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஜனவரியில் லாரி வந்து பெட்டியை நிரப்பியது. அதற்குள் சில ஏற்பாடுகள் செய்திருந்தோம். எல்லாம் ஓட்டுநரின் யோசனை. மண்வாரியைப் பெட்டியில் போடும் வழக்கத்தையே நிறுத்தினோம். அதற்குப் பதிலாக ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் விரல்பருமனில் ஓட்டைகள் போட்டு, கம்பியால் மூடியின் உட்புறம் கட்டித் தொங்கவிட்டோம். ஒரு டப்பாவில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். சரிவை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டப்பா. கோலப்பொடி தூவுவதுபோலக் கையை ஆட்டிக்கொண்டே நடந்தால் போதும். எட்டு வீட்டுக்காரர்கள் முறைவைத்துக்கொண்டோம். முறைக்காரர் இரவு வானிலை பார்த்து, உறைபனி என்றால் தூங்கப் போகும் முன்பே தூவிவிட வேண்டும். உறைந்த பிறகு உருக்குவதைவிட உறையாமல் தடுப்பதற்கு உப்பு எவ்வளவோ குறைவாகத்தான் செலவாகும். மூதாட்டியின் வாசலுக்கு அவரவர் வீட்டுச் சாப்பாட்டு உப்பு. நாய் வளர்க்கும் இரண்டு வீட்டார் நடைபாதையின் சுவரோரப் பாதியை உப்பில்லாமல் விடச் சொன்னார்கள், பாதத்தில் உப்பு பட்டால் நாய்க்கு எரியுமாம். விட்டோம்.

அந்த ஜனவரி, பிப்ரவரியில் பதினொரு இரவு தூவினோம். பெட்டி கால்வாசிகூட இறங்கவில்லை.

பிறகு வந்த குளிர்காலம் பெரிதாகக் கடிக்கவில்லை. யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. முறைப்பட்டியல் எட்டு வீட்டிலிருந்து ஐந்தானது, இரண்டு வீடு கைமாறியது, புதிதாக வந்தவர்கள் பெட்டியில் காபிக் குவளைகளைப் போட்டார்கள். 2013 மார்ச்சில், வசந்தம் வந்துவிட்டது என்று எல்லோரும் கோட்டுகளை உள்ளே வைத்த பிறகு, ஒரு வார இறுதியில் வடக்கு இங்கிலாந்து முழுக்கக் கனத்த பனி கொட்டியது. முறைப்படி அன்று என் நாள். மூடியைத் திறந்து டப்பாவை உள்ளே விட்டேன். தட்டென்று சத்தம் வந்தது, ஒரு துகள்கூட ஏறவில்லை. இரண்டு வருட ஈரத்தைக் குடித்த உப்பு மறுபடி பாறையாகியிருந்தது. எதிர்வீட்டுக்காரரின் கதவைத் தட்டினேன். அவர் எதுவும் கேட்காமல் உள்ளே போய்க் கடப்பாரையுடன் வந்தார்.